நிரூபணங்களைக் குறைப்பது தீர்வல்ல

ஆசிரியருக்கு வணக்கம். இளநிலைக் கணிதப் பாடத்திட்டத்தில் மெய்ப் பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம் போன்ற நிரூபணம் சார்ந்த தாள்களைக் குறைத்து, அந்த நேரத்தைத் தரவு மென்பொருள் பயிற்சிக்கு ஒதுக்கலாம் என்று தங்கள் தலையங்கம் பரிந்துரைத்திருந்தது. மாணவர்களின் வேலைவாய்ப்பு குறித்த அக்கறை அதில் தெரிகிறது என்றாலும், புள்ளியியல் எதன் மேல் நிற்கிறதோ அதையே அகற்றச் சொல்வதை ஏற்க இயலவில்லை. தரவுகளுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் கோட்டைக் காணும் மீச்சிறு வர்க்க முறை என்பது ஒரு வெக்டரை ஓர் உள்வெளியின் (பெரிய வெளிக்குள் அடங்கிய சிறு வெளியின்) மீது செங்குத்தாக வீழ்த்துவதே என்று கற்றவருக்கு, விளக்க மாறிகள் (கணிப்புக்குப் பயன்படும் அளவுகள்) ஒன்றையொன்று நெருங்கிச் சார்ந்திருக்கும்போது மென்பொருள் தரும் குணகங்கள் ஏன் நிலைகொள்ளாமல் தடுமாறுகின்றன என்பது விளங்கும்; கட்டளைகளை மட்டும் பழகியவர் திரையில் வந்த விடையை அப்படியே நம்ப வேண்டியதுதான்.

புள்ளியியல் கற்பிக்கும் எனது வகுப்பில், மிகப் பெரிய எண்களும் அவ்வப்போது தோன்றும் கோஷி (Cauchy) என்ற நிகழ்தகவுப் பரவலிலிருந்து கணினி உருவாக்கிய எண்களின் சராசரியை ஒரு மாணவி கணக்கிட்டார். மாதிரியின் அளவைப் பெருக்கப் பெருக்க விடை ஓரிடத்தில் நிலைக்கும் என்று எதிர்பார்த்தவர், அது திடீர் திடீரெனத் தாவுவதைக் கண்டு, நிரலில்தான் பிழை என்று வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தார். அப்பரவலுக்கு எதிர்பார்ப்பு மதிப்பே (கோட்பாட்டுச் சராசரியே) கிடையாது, எத்தனை எண்களின் சராசரியை எடுத்தாலும் அதுவும் அதே பரவலையே கொண்டிருக்கும் என்ற நிரூபணத்தைக் கரும்பலகையில் எழுதிய பிறகே அவரது தேடல் முடிந்தது. எனவே நிரூபணத் தாளையும் கணினிப் பயிற்சியையும் ஒரே பருவத்தில், இயன்றால் ஒரே ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம். தேர்விலும், மென்பொருளின் விடையைக் கொடுத்து அதற்கு அடிப்படையான எந்த அனுமானம் பொய்த்துள்ளது என்று கேட்கும் வினா ஒன்றையேனும் கட்டாயமாக்கலாம்.

– கல்லூரிப் புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்