இரவு மாத்திரையும் கீமோதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கவுட் நோய் (யூரிக் ஆசிட் கூடி மூட்டு வீங்கும் வாதம்) பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் யூரிக் ஆசிடைக் குறைக்கும் அல்லோப்யூரினால் மாத்திரை பற்றிய பத்தியில், சில புற்றுநோய் மாத்திரைகளோடு அதைச் சேர்த்துச் சாப்பிடுவது ஆபத்து என்ற முக்கியமான ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அந்த விஷயம் தெரியாததால் எங்கள் வீட்டில் 11 நாள் ஆஸ்பத்திரி வாசம்.

என் மைத்துனருக்கு ரத்தப் புற்றுநோய். பாட்டிலில் ஏற்றும் சிகிச்சை முடிந்து, தினமும் இரவு மெர்காப்டோப்யூரின், வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்று புற்றுநோய் மாத்திரைகளுக்கு மாறியிருந்தார். ஒருநாள் கால் பெருவிரல் வீங்கி, செருப்புப் போட முடியவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் ரத்தம் பார்த்தார், யூரிக் ஆசிட் அதிகம். "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று அவர் கேட்காமல் இல்லை. இவர்தான், "கீமோ எல்லாம் போன வருஷமே முடிஞ்சுது சார்" என்று சொல்லிவிட்டார். பொய் இல்லை. எங்கள் எல்லோருக்குமே கீமோ என்றால் ஊசியும் பாட்டிலும்தான். இரவில் விழுங்குவது வெறும் மாத்திரை. டாக்டரும் அல்லோப்யூரினால் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண், குளிர்காய்ச்சல். வெள்ளையணு ஆயிரத்துக்கும் கீழே. வார்டுக்கு வந்த மருந்தாளுநர் பெண் மாத்திரைப் பையை அப்படியே கட்டிலில் கொட்டச் சொன்னார். அல்லோப்யூரினால் அட்டையைக் கையில் எடுத்தவர், "இது எப்போதிலிருந்து?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் அவரே விளக்கினார். சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதிதான் உடலில் யூரிக் ஆசிடை உண்டாக்குகிறது. அல்லோப்யூரினால் அதைத் தடுக்கிறது. ஆனால் மெர்காப்டோப்யூரினைச் சிதைத்து வெளியேற்றுவதும் அதே நொதி. விழுங்கும் மாத்திரையில் பெரும்பகுதி ரத்தத்தில் கலப்பதற்கு முன்பே அழிந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் டோஸே வைக்கிறார்கள். நொதியைக் கட்டிப்போட்டுவிட்டால் ஒரு மாத்திரை நாலைந்து மாத்திரையின் வேலையைச் செய்யும், ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை தாங்காது. இரண்டும் சேர்ந்தே தேவை என்றால் மெர்காப்டோப்யூரினை மூன்றில் ஒரு பங்காகவோ கால் பங்காகவோ குறைத்து, ரத்தத்தை அடிக்கடி பார்க்க வேண்டுமாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு மருந்தும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய மெர்காப்டோப்யூரின் 1953-இல் புழக்கத்துக்கு வந்தது. அது உடம்பில் சீக்கிரம் அழியாமல் இருக்க வேண்டும் என்றே அல்லோப்யூரினாலைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தின் பலம் கூடியது, கூடவே நச்சும் கூடியது. அந்தச் சோதனையில்தான் யூரிக் ஆசிட் இறங்குவதைக் கவனித்து, கவுட்டுக்கு அதை மருந்தாக்கினார்கள். 1988-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, இது எங்கோ ஒருவருக்கு நடந்த அபூர்வ விபத்து இல்லை. அறுபது வருஷமாகத் தெரிந்த விஷயம்.

புற்றுநோய்க்காரர்களோடு இது நிற்கவில்லை. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களில் சிலர், புதிய சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கச் சாப்பிடும் அசாதியோப்ரின் உடம்புக்குள் போய் மெர்காப்டோப்யூரினாகத்தான் மாறுகிறது. அவர்களுக்குக் கவுட் வருவதும் சகஜம். கட்டுரையில் மாற்று மருந்தாகச் சொல்லியிருக்கும் ஃபெபுக்சோஸ்டாட்டும் அதே நொதியைத்தான் தடுக்கிறது என்பதால், "சரி, அதை வாங்கிக்கொள்வோம்" என்று தப்பிக்கவும் முடியாது.

மைத்துனர் இப்போது தேறிவிட்டார். மாத்திரை அட்டையின் பின்னால் ஸ்கெட்ச் பேனாவால் "கீமோ" என்று பெரிதாக எழுதிவைத்திருக்கிறார். எந்த டாக்டரிடம் போனாலும் வாயால் சொல்வதோடு பையையும் கொட்டிக் காட்டிவிடுகிறார்.

மெர்காப்டோப்யூரின், அசாதியோப்ரின் சாப்பிடுகிறவர்கள் அந்தச் சிகிச்சை தரும் டாக்டரைக் கேட்காமல் யூரிக் ஆசிட் மாத்திரை தொடங்கக் கூடாது என்ற வரியை அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போடுங்கள். கடிதப் பகுதியில் வேண்டாம், மருத்துவப் பக்கத்திலேயே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்