படம் முடிந்த பிறகு கதைக்க ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் தையற்கடை வைத்திருப்பவன். வயது அறுபத்திரண்டு. காலையில் கடை திறந்து சாமிப்படத்துக்கு விளக்கு வைத்ததும் உங்கள் பத்திரிகையைத்தான் விரிப்பேன். மரண அறிவித்தல், வாசகர் கடிதம், கடைசியாகச் சினிமாப் பக்கம் என்று வாசிப்பது என் வழக்கம். அந்தச் சினிமாப் பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பக்கத்தில் எந்த நடிகருக்கு எவ்வளவு சம்பளம், எந்தப் படம் முதல் நாள் எத்தனை கோடி வசூல் என்று வருகிறது. சென்னைச் செய்தி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே படத்தை இங்கே கஸ்தூரியார் வீதியிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிற எங்கள் ஆட்கள் என்ன நினைத்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. வாரத்தில் ஒரு நாள், அந்தப் பக்கத்தில் அரைப் பத்தியாவது பார்த்தவர்களுக்கு ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். ஏன் இவ்வளவு மினக்கெட்டுக் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் என் கடையில் ஐந்து பேர் கூடுகிறோம். சந்தையில் மரக்கறி விற்கும் அக்கா ஒருவர், ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர், ஓட்டோ ஓடும் தம்பி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை, நான். பிள்ளை முதலில் சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர். நானும் தம்பியும் ஒரு படத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பதைக் கேட்டு, வாசலில் நின்றபடியே எங்கள் இருவருக்கும் மறுப்புச் சொன்னார். அடுத்த கிழமை அவருக்கும் ஒரு வாங்கு போட்டோம். பிளேன்ரீ, ஒரு சரை கச்சான். இவ்வளவுதான் எங்கள் செலவு.

எங்களிடம் ஒரேயொரு கட்டுப்பாடு உண்டு. படம் பார்க்காதவர் ஒருவர் இருந்தால் முடிவைச் சொல்லக்கூடாது. இதை நான் பாட்டுப் புத்தகத்தில் படித்தேன். எழுபதுகளில் வின்சர், மனோகரா, ராணி, வெலிங்டன், லிடோ, ரீகல் என்று யாழ்ப்பாணப் பட்டினம் முழுக்கத் தியேட்டர் இருந்த காலம். படத்தின் பாட்டுப் புத்தகத்தைச் சில சதம் கொடுத்து வாங்குவோம். முதல் பக்கத்தில் கதைச்சுருக்கம் இருக்கும். கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேறுவாள், மழை கொட்டும், "மிகுதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போட்டு நிறுத்திவிடுவார்கள். அந்த வரிக்குக் கீழே மிகுதியைப் பென்சிலால் நானே எழுதி வைத்துவிட்டு, பிறகு கலரியில் இருந்து படம் பார்த்து ஒப்பிட்ட நாட்கள் உண்டு.

அதற்குப் பிறகு வந்த காலத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளின் முதற்பாதியில் மின்சாரம் இல்லை. ஒழுங்கைக்குள் ஒரு வளவைப் பார்த்து, எல்லோரும் காசு போட்டு, ஜெனரேற்றரும் ரி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுப்போம். மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றர். இடையில் நின்றால் படமும் நிற்கும். ஓரிரவில் மூன்று படம், விடியும்வரை. அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்த மூன்று படத்தையும் மாதக்கணக்கில் கதைத்தோம். தண்ணீர் அள்ளும்போது, சங்கக்கடை வரிசையில், பங்கருக்குள் இருக்கும்போதுகூட. ஒரு வசனத்தை ஒருவர் தொடங்கினால் மற்றவர் முடித்தார். இன்று கையிலே போனைத் தட்டினால் ஆயிரம் படம். ஆனால் அடுத்த வீட்டில் என்ன படம் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்ததும் அவர்களுக்குத் தெரியாது.

சரி, எங்கள் கடையில் என்ன கதைக்கிறோம் என்று காட்ட இரண்டு படத்தை எடுக்கிறேன்.

ஒன்று, 2025 மே மாதம் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 2022 பொருளாதார நெருக்கடியில் வாழ முடியாமல் கடல் தாண்டி இராமேஸ்வரம் போய்ச் சேரும் ஈழத்துக் குடும்பம் ஒன்றின் கதை. அந்த நெருக்கடியை நாங்கள் ஐந்து பேரும் பட்டவர்கள். ஒரு நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு என்று அறிவித்த நாட்களில் நான் மோட்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் மிதியில் தைத்தேன். தம்பி பெற்றோல் வரிசையில் ஓட்டோவுக்குள்ளேயே படுத்தெழும்பினவன். ஆகவே படம் தொடங்கியதுமே உள்ளே போய்விட்டோம்.

ஆனால் வெளியே வந்ததும் ஒத்த கருத்தே இல்லை. தம்பிக்குப் பேச்சில்தான் குறை. "அண்ணை, ஓம் எண்டு சொன்னாப்போல யாழ்ப்பாணத் தமிழாகுமோ?" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. துணி எங்களுடையது, வெட்டு வேறு யாருடையதோ. சொல்லெல்லாம் சரி, இழுப்பு இல்லை. சசிகுமாரும் சிம்ரனும் மனதாரத்தான் நடித்திருக்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊரில் ஒரு மனிசி புருஷனைக் கோபிக்கும்போது குரல் ஏறுகிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடம் படத்தில் வரவேயில்லை.

பிள்ளையின் குறை வேறு. அந்தத் தெருவில் இருக்கிற எல்லோரையும் நல்லவர்களாக்கிவிட்டார்கள், தமிழ்நாட்டு முகாம்களில் 1983இலிருந்து போனவர்களும் அவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்னும் இருக்கிறார்களே, அவர்களுக்கு இப்படி ஒரு தெரு கிடைத்ததா என்று கேட்டார். மாஸ்டர் விடவில்லை. நல்ல மனிதர்களைக் காட்டுவதும் ஒரு துணிவுதான், அழுகையை மட்டுமே எங்கள் கதை என்று விற்றுப் பழகிவிட்டார்கள், சிரித்தபடி ஒருத்தன் சொல்கிறான், சொல்லட்டும் என்றார். அரை மணித்தியாலம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதுவரை வாய் திறக்காமல் கச்சான் உடைத்துக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் கதைத்தார். படத்தில் அந்தக் குடும்பத்தைக் கேரளாக்காரர் என்று சொல்லச் சொல்லி, பேச்சு வெளியே தெரியாமல் பார்க்கச் சொல்வார்கள் அல்லவா? "நான் அதிலதான் அழுதனான்" என்றார். சண்டைக்காலத்தில் கொழும்பில் லொட்ஜில் நின்றபோது, பஸ்ஸில் வாயைத் திறக்காதே என்று தமையன் சொல்லிக் கூட்டிப்போனாராம். இறங்கும் இடம் வந்தும் இறக்கச் சொல்லிக் கேட்கப் பயந்து, மூன்று தரிப்பு தாண்டிப் போய் இறங்கி நடந்து வந்தாராம். "நாக்கை ஒளிச்சு வைச்சிருக்கிறது என்ன பாடு எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. அவை எந்த இழுப்பில கதைச்சால் எனக்கென்ன?"

நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இழுப்பு இல்லை என்ற என் குறையை நான் இன்றும் விடவில்லை. ஆனால் அன்றிரவு அந்தப் படத்தை மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது வேறு படமாக இருந்தது. சிம்ரன் வாயை மூடிக்கொண்டு நிற்கிற இடங்களைத்தான் பார்த்தேன். எந்தச் சென்னைப் பத்திரிகையின் விமர்சனத்திலும் இந்தக் கருத்து எனக்குக் கிடைத்திருக்காது.

மற்றது 'மெய்யழகன்'. 2024இல் வந்தது. சொந்தபந்தத்தின் சொத்துத் தகராற்றால் 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன ஒருவன், இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு தங்கச்சி முறையான பெண்ணின் கல்யாணத்துக்கு வருகிறான். அரவிந்த்சாமி நடித்தது. அங்கே கார்த்தி வந்து ஒட்டிக்கொள்கிறார், "அத்தான், அத்தான்" என்று உயிரை விடுகிறார். யார் இவன், பேர் என்ன என்று அரவிந்த்சாமிக்கு ஞாபகமே வரவில்லை. கேட்கவும் கூச்சம். இரவு முழுக்க அந்த அன்பை வாங்கிக்கொண்டு பேர் தெரியாமல் தவிக்கிறார். மிகுதியை வெள்ளித்திரையில் காண்க.

நீளம் கூடிவிட்டது என்று சிலர் சொல்ல, வெளிவந்த சில நாட்களிலேயே 18 நிமிடமளவில் வெட்டினார்கள். எனக்கு அது மனவருத்தம். ஆட்கள் இருந்து கதைப்பதுதான் அந்தப் படம். கதைக்கிறவர்களிடம் போய்ச் சுருக்கமாகச் சொல்லுங்கோ என்றால் எப்படி?

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் முன்னேறி வர, வலிகாமமே எழும்பி நடந்ததே, அதில் நானும் ஒருவன். தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் சாக்கோடு கட்டிக்கொண்டு போனேன். மழை. நாவற்குழிப் பாலம் தாண்டவே விடிந்துவிட்டது. மீசாலையில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் விறாந்தையைத் தந்தார்கள். ஆறு மாதம் அங்கேதான். அந்த வீட்டில் ஏழெட்டு வயதில் ஒரு பெடியன். மெஷின் தலையைப் பொருத்த ஒரு பலகை மேசையை அவன்தான் எங்கோ இருந்து இழுத்து வந்தான். கால் மிதி இல்லாததால் நான் துணி பிடிக்க, அவன் பக்கத்தில் நின்று சில்லைக் கையால் சுற்றுவான். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் காலையிலிருந்து மத்தியானம்வரை. கை நோகுதா என்றால் இல்லை என்பான். 1996இல் திரும்பி வந்தேன். பிறகு பாதை மூடினது, திறந்தது, திரும்ப மூடினது. நான் அங்கே போகவேயில்லை.

படம் பார்த்த ஞாயிற்றுக்கிழமை கடையில் இதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பிள்ளை கேட்டார், "அந்தப் பெடியன்ர பேர் என்ன?" எனக்கு வரவில்லை. அவன் கை ஞாபகம் இருக்கிறது. வலது கைப் பெருவிரலில் ஒரு தழும்பு, எண்ணெய் பட்டுக் கறுத்த நகம், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பேர் வரவில்லை. கடையில் ஒருவரும் பேசவில்லை. தம்பிதான் எழும்பி, "அண்ணை, நாளைக்குக் கடையைப் பூட்டுங்கோ, மீசாலைக்குப் போவம்" என்றான்.

போனோம். வீடு இருந்த இடத்தில் புது வீடு. கிணற்றடி மட்டும் அப்படியே இருந்தது. தாயார் உயிரோடு இருந்தார், கண் சரியாகத் தெரியவில்லை. என் குரலைக் கேட்டு, "மெஷின்கார அண்ணையோ?" என்றார். பெடியன் வவுனியாவில் வேலை, இரண்டு பிள்ளைகள். பேரைத் தாயார் சொன்னதும் என் நெஞ்சுக்குள் ஏதோ விழுந்தது போல இருந்தது. அவனோடு போனில் கதைத்தேன். "இன்னும் சில்லைச் சுத்தட்டோ அண்ணை?" என்று கேட்டான். அவன் பேரை இங்கே எழுதவில்லை, அது அவனுக்கும் எனக்கும் இருக்கட்டும்.

ஆசிரியர் ஐயா, படத்தைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குப் போயிருந்தால் நான் அழுதிருப்பேன், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை பேரைக் கேட்டதால்தான் மீசாலைக்குப் போனேன். திருநெல்வேலியில் என் கடை இருக்கிறது. காங்கேசன்துறையில், ஊர்காவற்றுறையில், நெடுந்தீவில் இருக்கிற ஒருவருக்குப் படம் பார்த்த பிறகு கேட்பதற்கு ஆள் இருக்கிறதா? உங்கள் பத்திரிகை அங்கெல்லாம் போகிறது.

இன்னொன்று. எழுபதுகளில் இங்கே எங்கள் மண்ணில் எடுத்த 'பொன்மணி'யைத் தியேட்டரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை எடுத்த தர்மசேன பத்திராஜ ஒரு சிங்களவர், அந்நாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். 2018இல் காலமாகிவிட்டார். மாஸ்டர் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லும்போது பிள்ளை கொப்பியில் குறித்துக்கொள்வார். தான் படிக்கும் இடத்தில் அப்படி ஒருவர் இருந்தார் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். இப்படி ஞாபகம் வைத்திருக்கும் முதியவர்களையும் எழுதக் கேளுங்கள், காலம் போய்க்கொண்டிருக்கிறது. சின்னப் படங்கள் இரண்டு மூன்று நாள் ஓடிவிட்டுத் தூக்கப்படுகின்றன. எங்கே எத்தனை மணிக்கு என்று அந்தப் பத்தியின் அடியில் இரண்டு வரி போட்டால், சந்தை முடிந்து வருகிற அக்காவும் ஒரு படத்தைத் தவறவிடமாட்டார்.

எழுதுகிறவர் ஊரைப் போடட்டும். நூற்றைம்பது சொல்லுக்குள் எழுதட்டும். முடிவை மட்டும் சொல்லாதிருக்கட்டும். திட்டினாலும் பரவாயில்லை, எந்தக் காட்சிக்குத் திட்டுகிறார் என்று சொல்லித் திட்டட்டும்.

தொடங்கி வைக்க ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். 'டூரிஸ்ட் ஃபேமிலி' பற்றி அக்கா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதியது. அக்காவுக்குத் தன் பேச்சைத் திருத்த வேண்டாமாம், சொன்ன மாதிரியே போடச் சொன்னார். நூற்று அறுபது சொல் வந்துவிட்டது. பத்துச் சொல்லையும் வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
தையற்காரர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.