முதுகு அறுவைக்குப் பின்னும் தீராத வலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகுத்தண்டில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு) அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகும் வலி தீராமல் அவதிப்படுகிறவர்கள் ஏராளம். அவர்களிடம் இரண்டாவது அறுவை சிகிச்சை பற்றிப் பேச்செடுக்கும்போது, வலி எங்கிருந்து வருகிறது என்பது திட்டவட்டமாகத் தெரிந்த பிறகே சம்மதிக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

நாமக்கல்லில் லாரி ஓட்டும் என் தம்பிக்கு, இடுப்பில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையே பிதுங்கியிருந்த டிஸ்க்கை அகற்றினார்கள். கிளட்ச் மிதிக்கும் இடது காலில் சுண்டியிழுத்த வலி உடனே குறைந்தது. சில மாதங்களுக்குப் பின் இடுப்பு வலி கூடியதோடு, காலிலும் எரிச்சல் தொடங்கியது. ஒரு மருத்துவமனையில், ஸ்க்ரூவும் ராடும் வைத்து எலும்புகளை இணைத்துவிடலாம் என்று சொல்லி அறுவைக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

வேறொரு மருத்துவரிடம் காட்டியபோது, இடுப்பு வலி அதிகமா கால் வலி அதிகமா, முதல் அறுவைக்குப் பிறகு வலியில்லாமல் இருந்த காலம் உண்டா என்பவற்றைத்தான் அவர் முதலில் கேட்டார். அறுவை முடிந்தும் வலி சற்றும் குறையவில்லை என்றால் நரம்பின் அழுத்தம் முழுதாக நீங்காமலோ, முதலிலேயே காரணம் தவறாகக் கணிக்கப்பட்டோ இருக்கலாம். சில காலம் நன்றாக இருந்து மீண்டும் வந்தால் டிஸ்க் மறுபடி பிதுங்கியிருக்கலாம், நரம்பைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்திருக்கலாம் என்று பொறுமையாக விளக்கினார். காடோலினியம் மருந்து செலுத்தி எம்ஆர்ஐ எடுத்தால் தழும்பு அம்மருந்தை ஏற்றுப் பளிச்சென்று தெரியும், டிஸ்க் துண்டு அப்படித் தெரியாது என்பதால் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. என் தம்பிக்கு இருந்தது தழும்புதான். தழும்பை மட்டும் வெட்டியெடுக்கச் செய்யும் அறுவை பெரும்பாலும் பலன் தருவதில்லை. வெட்டிய இடத்தில் மீண்டும் தழும்பு வளரும். டிஸ்க் மறுபடி பிதுங்கி நரம்பை நசுக்கினாலோ, எலும்புகள் நிலையில்லாமல் நகர்ந்தாலோ இரண்டாவது அறுவை உண்மையிலேயே உதவக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

மருந்து விஷயத்திலும் நோயாளியின் தொழிலைப் பார்க்க வேண்டும். நரம்பு வலிக்குப் பரவலாக எழுதித் தரப்படும் பிரீகாபலின் தூக்கத்தையும் தலைசுற்றலையும் உண்டாக்கக்கூடியது. இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்பதை முதலில் எழுதித் தந்தவர்கள் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இரண்டாவது மருத்துவர் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, வேறு மருந்து கொடுத்து, வண்டி ஓட்டாத நாட்களில் முதலில் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். முதுகுத்தண்டுக்குள் நரம்புகளைச் சுற்றியுள்ள இடத்தில் வீக்கம் குறையப் போடும் எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆறுதல் தரும், அந்த இடைவெளியில் உடற்பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும் என்றார். இயன்முறை மருத்துவர் கற்றுத் தந்த பயிற்சிகளைத் தம்பி விடாமல் செய்துவருகிறான். வலி அடியோடு போய்விடவில்லை. ஆனாலும் பக்கத்து ஊர் லோடுகளுக்கு இப்போது போய் வருகிறான்.

தண்டுவடத்தின் அருகே மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, தோலுக்கடியில் பேட்டரி வைத்து மின்தூண்டல் தரும் சிகிச்சையைப் பற்றியும் இப்போது விளம்பரங்கள் வருகின்றன. முதலில் சில நாட்கள் தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்து, வலி கணிசமாகக் குறைந்தால் மட்டுமே நிரந்தரமாக வைப்பது முறை. செலவு பல லட்சம் ரூபாய் ஆகும். சிலருக்கு இது உதவியதாக ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் 2022இல் வெளியான நார்வே ஆய்வொன்றில், அறுவைக்குப் பின்னும் கால் வலி நீடித்த 50 பேரிடம், கருவியை இயக்கிய காலத்துக்கும் இயக்காமல் வைத்திருந்த காலத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நிலத்தை அடகு வைத்தாவது பணம் கட்டத் துணியும் குடும்பங்களுக்கு இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திடீரெனச் சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போதல், தொடைகளுக்கு இடையே மரத்துப்போதல், பாதம் தூக்க முடியாமல் தொங்குதல், காய்ச்சலோடு கூடிய கடும் முதுகு வலி ஆகியவற்றுக்கு மட்டும் இந்த நிதானம் பொருந்தாது. அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் இரண்டு வேண்டுகோள்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் சென்று இயன்முறை சிகிச்சை அளிக்கிறார்கள். முதுகு அறுவை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் பெயரை டிஸ்சார்ஜ் நாளிலேயே அதில் பதிந்துவிட வேண்டும். அடுத்து, டிஸ்சார்ஜ் சீட்டில் அறுவையின் பெயரை ஒற்றை வரியில் எழுதி அனுப்பாமல், எந்த இடத்தில் என்ன செய்யப்பட்டது என்ற முழு அறுவைக் குறிப்பையும், அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேன் படங்களையும் நோயாளியின் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். அவை இல்லாததால்தான் இரண்டாவது மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாமக்கல்.