மூணு மாசச் சுகரும் சிவப்பணுவின் வயசும்

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். கடிதமே போடுவதில்லை என்று நீ என்னைத் திட்டியதெல்லாம் காதுக்கு வந்தது. அதற்குப் பதில் நேரில். இப்போது எழுதுவது வேறு விஷயம். லேபுக்கு மூணு மாசச் சுகர் (கடந்த மூணு மாசச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி) மெஷின் வாங்கப்போகிறாயாம். “விரல்ல ஒரு சொட்டு, அஞ்சு நிமிஷம், ரிப்போர்ட் ரெடி” என்று ஜோசப்பிடம் குதித்தாயாமே. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடு. பெரியவர் காலத்து சென்ட்ரிஃபியூஜ் மாதிரி இதுவும் மூலையில் துணி போர்த்திக் கிடக்க வேண்டாம்.

கோயம்புத்தூரில் வாங்கினால் நான் வாயே திறக்க மாட்டேன். நீலகிரியில், கூடலூரில் வாங்குகிறாய்; அங்கே சிவப்பணு சீக்கிரம் சாகும் ஆட்கள் உண்டு, அதுதான் கவலை.

அந்த மெஷின் காட்டும் எண்ணில் பாதி சர்க்கரை, பாதி அணுவின் வயசு. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ், சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலி (அமினோ அமிலங்கள் கோத்த இழை) முனையில் போய் ஒட்டும். ஒட்டியது அணு சாகும்வரை விடாது. பூட்டிக்கிடக்கும் வீட்டில் நாளாக ஆக ஒட்டடை சேர்கிற கதைதான். சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, புதுப் புரதம் செய்துகொள்ளவும் வழியில்லை. மஜ்ஜையிலிருந்து கொண்டுவந்த சரக்கை வைத்தே சுமார் 120 நாள் ஓட்ட வேண்டும். நொதிகள் தேய்ந்து, சவ்வு விறைத்ததும் மண்ணீரலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணு பிடித்துத் தின்றுவிடும். ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபின் அமினோ அமிலமாக உடையும். இரும்பு, அதைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தின் மேல் ஏறி மஜ்ஜைக்கே திரும்பும். நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இப்படிச் சுற்றுகிறது. சாப்பாட்டிலிருந்து உள்ளே வருவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அதையும் சோற்றோடு கடுந்தேநீர் குடித்துக் கெடுக்கிறோம். (தேயிலை நாட்டுக்காரன் இதைச் சொல்லலாமா என்று கேட்காதே.)

மெஷின் எல்லோருடைய அணுவுக்கும் 120 நாள் ஆயுள் என்று நம்பியே கணக்குப் போடுகிறது. உன் பக்கத்தில் அந்த நம்பிக்கை எத்தனை பேருக்குப் பொருந்தும்? இந்தியாவில் அரிவாள் அணு (சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் கோளாறு) முதலில் பதிவானதே நம் மலையில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டு எழுதினார்கள். பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பிராணவாயு குறைந்ததும் ஹீமோகுளோபின் கம்பி கம்பியாகக் கோத்துக்கொண்டு அணுவையே வளைத்துவிடும். இரண்டு ஜீனும் அப்படி என்றால் அணுவின் ஆயுள் 10 முதல் 20 நாள். சர்க்கரை ஒட்ட நேரம் ஏது? வெறும்வயிற்றுச் சர்க்கரை 170 இருக்கும் ஆளுக்கு மெஷின் 5.2 சதவீதம் என்று நல்ல எண்ணைக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. “கட்டுப்பாட்டில் இருக்கிறது” என்று மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள். இது சின்ன விஷயமில்லை, செல்வம். போவது காலும் கண்ணும்.

ஒற்றை ஜீன்காரர்கள், நாம் டிரெய்ட் என்கிறோமே, அவர்களுடைய அணு பெரும்பாலும் முழு ஆயுளும் வாழும். அங்கே தகராறு மெஷினின் முறையில். ஆன்டிபாடி வைத்து அளப்பவை சங்கிலியின் முதல் சில அமினோ அமிலங்களைத்தான் பிடிக்கும். ஆறாவது இடம் மாறினால் சில கிட் தடுமாறும், சில தடுமாறாது. ஒட்டிய சர்க்கரையையே பிடித்து அளக்கும் போரோனேட் முறைக்கு டிரெய்ட் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் அணு சீக்கிரம் செத்தால் போரோனேட்டும் காப்பாற்றாது. விற்கிறவனிடம் “என்ன முறை, எஸ் (அரிவாள் அணு ஹீமோகுளோபின்) இருந்தால் என்ன ஆகும்” என்று எழுத்தில் கேள். சிரித்து மழுப்பினால் எழுந்து வந்துவிடு.

அரிவாள் அணு இல்லாதவர்களிடமும் எண் ஏமாற்றும். ரத்தம் ஏற்றியவரிடம் அளப்பது பாதி கொடுத்தவருடைய சர்க்கரையை. ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைவோடு பிரைமாகுயின் என்ற மலேரியா மாத்திரை சாப்பிட்டவருக்கும், டயாலிசிஸில் எரித்ரோபொயட்டின் (புது அணுக்களை உண்டாக்கத் தூண்டும்) ஊசி போட்டுக்கொள்பவருக்கும் எண் இறங்கும். இரும்புச்சத்து குறைந்த தோட்டத்துப் பெண்களுக்கு நேர்மாறாக ஏறும். இரும்பு மாத்திரை தொடங்கிப் புது அணுக்கள் இறங்கியதும் சர்க்கரை குறையாமலே எண் குறையும்.

அதனால் முதல் தடவை வரும் ஆளுக்கு ஹீமோகுளோபினும் ஒரு ஸ்மியரும் (கண்ணாடியில் ரத்தம் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) பார். ரெட்டிக் (மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணு) இரண்டு சதவீதத்தைத் தாண்டினால், மஞ்சள் காமாலை இருந்தால், எண்ணை நம்பாதே. சந்தேகம் வந்தால் சால்யுபிலிட்டி டெஸ்ட் (எஸ் இருந்தால் கரைசல் கலங்கும்): ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரீஏஜென்டை அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு 2 மில்லியில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம், ஐந்து நிமிஷம், குழாய்க்குப் பின்னால் வைத்த கோடு தெரிகிறதா என்று பார்ப்பது. நம் குளிரில் அவசரப்பட்டால் சொதப்பும். கடும் ரத்தசோகையில் ரத்தத்தை இரட்டிப்பாக்கு, இல்லாவிட்டால் தப்பாக நெகட்டிவ் வரும். ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் செய்யவே செய்யாதே. கலங்கினால் டிரெய்ட்டா நோயா என்று சொல்ல அது போதாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸுக்கோ எச்பிஎல்சிக்கோ அனுப்பு.

இப்படிப்பட்டவர்களுக்கு வெறும்வயிறும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்ப்பதே மேல். பெரிய லேபுக்கு அனுப்ப முடிந்தால் கிளைக்கேட்டட் அல்புமின் (ரத்தத்தின் அல்புமின் புரதத்தில் ஒட்டிய சர்க்கரை) கேள். அல்புமினின் அரைவாழ்வு சுமார் 20 நாள்; அது சிவப்பணுவின் ஆயுளைச் சார்ந்ததல்ல, கடைசி இரண்டு மூன்று வாரத்தைச் சொல்லும். சிறுநீரில் புரதம் நிறையப் போகிறவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் அதுவும் உதவாது.

கிட் பெட்டிக்குள் இருக்கும் தாளை ஃபோட்டோ எடுத்து அனுப்பு, படித்துச் சொல்கிறேன். ஜோசப்பிடம் என் குடை அங்கேதான் இருக்கிறதா என்று கேட்டு வை.

அன்புடன்,
முரளி