சப்சிடிய நிறுத்திட்டா ஆறு சுத்தமாயிடுமா?

மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. பொண்ணுக்கு வேலை கிடைச்சதுல வீட்ல எல்லாருக்கும் செம சந்தோஷம். என் முட்டி வலி அப்படியேதான் இருக்கு, அத விடு. கடைசியில எழுதியிருந்தியே, விவசாய சப்சிடிய மொத்தமா தூக்கிட்டா வர்த்தகமும் சரியாயிடும் சுற்றுச்சூழலும் தப்பிச்சிடும்னு, அதுல பாதிதான்டா ஒத்துக்குவேன்.

விலைய ஏத்தி வச்சு, விளைஞ்சத எல்லாம் அரசாங்கமே வாங்கினா என்ன ஆகும்னு எண்பதுகள்ல ஐரோப்பா காட்டிடுச்சு, குடோன் குடோனா வெண்ணெய் தேங்கி, அத மானியம் குடுத்து ஏற்றுமதி பண்ணி மத்த நாட்டுக்காரன் பொழப்புல மண்ணப் போட்டாங்க. உருகுவே சுற்றுன்னு நடந்த உலக வர்த்தகப் பேச்சுவார்த்தைல மத்த நாடுக நெருக்கினதும் 1992ல ஐரோப்பாவோட விவசாயக் கமிஷனரா இருந்த மெக்‌ஷாரி விலைய வெட்டி ஹெக்டேர் கணக்குல பணம் குடுக்க வச்சார். 2003ல என்ன விளைஞ்சாலும் பணம் வரும்ங்கற அளவுக்குப் போயாச்சு. உலக வர்த்தக அமைப்புல இதப் பச்சைப் பெட்டில, அதாவது எவ்ளோ வேணா குடுக்கலாம்னு விட்டுட்ட மானியக் கணக்குல, போடுவாங்க. அதுக்குள்ள போக வர்த்தகத்த பெருசா கெடுக்காம இருந்தா போதும், உரத்துலேர்ந்தும் சாணத்துலேர்ந்தும் பக்கத்து ஓடைல கலக்கற நைட்ரேட் எவ்ளோன்னு எவனும் கேக்க மாட்டான்.

பிரான்ஸ்ல பிரிட்டனிங்கற கடலோரப் பகுதிய பாரு. பன்னி, மாடு, கோழின்னு பண்ணைக அவ்ளோ நெருக்கம், கழிவும் உரமும் ஓடை வழியா கடல்ல இறங்கி பாசியா கரை ஒதுங்குது. மேல காஞ்சு ஏடு கட்டியிருக்கும், உள்ள அழுகிட்டிருக்கும், கால வச்சா உடைஞ்சு ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கற விஷவாயு கிளம்பும். 2009ல ஒரு குதிரை அதுல சிக்கி செத்தே போச்சு, ஓட்டிட்டு வந்தவர் மயங்கி விழுந்து பொழச்சார்.

சரி, சப்சிடியே இல்லன்னா? நியூசிலாந்து 1984ல இருந்து மளமளன்னு வெட்டிருச்சு. செம்மறி ஆடு பாதிக்கும் கீழ குறைஞ்சுது, நல்லதுதான். ஆனா பால் பவுடருக்கு வெளிய கிராக்கி வந்ததும் கேன்டர்பரி சமவெளில ஆடு போய் மாடு வந்துச்சு, இப்ப அங்க நிலத்தடி தண்ணில நைட்ரேட் பிரச்சனை. யாரும் சப்சிடி குடுக்காமலேயே!

அதான் சொல்றேன், உலகச் சந்தைக்குப் போட்ட சட்டம் உள்ளூர் ஆத்தக் காப்பாத்தாது. பணம் குடுக்கறதா இருந்தா அந்தந்த ஆத்துப் படுகைல எவ்ளோ கழிவு குறைஞ்சுதுன்னு அளந்து குடுக்கணும், பரப்பளவ பாத்து குடுத்தா பெரிய பண்ணைக்காரன்தான் அள்ளிட்டுப் போவான்.

விவசாயி கோவத்துலயும் நியாயம் இருக்குடா. இவனுக்கு கட்டுப்பாடு மேல கட்டுப்பாடு, அதெல்லாம் இல்லாத நாட்டுலேர்ந்து சரக்கு மட்டும் மலிவா உள்ள வரும்னா டிராக்டர எடுத்துட்டு ரோட்டுக்குத்தான் வருவான். 2024ல ஐரோப்பால அப்படித்தான் வந்தான், ஐரோப்பிய கமிஷன் பூச்சிமருந்த குறைக்கற சட்ட வரைவையே வாபஸ் வாங்கிடுச்சு. இறக்குமதிக்கும் அதே கட்டுப்பாட்ட வைக்காம உள்நாட்டுக்காரன மட்டும் இறுக்கினா மறுபடி இதான் நடக்கும். நீ கஸ்டம்ஸ்ல இருந்தவன், எல்லைல அத எப்படி செக் பண்றதுன்னு எழுது.

உன் குமார்