படக் கட்டங்களை எடுத்துவிடுங்கள்

இணையத்தளங்களை வடிவமைப்போருக்கும் நடத்துவோருக்கும்,

வணக்கம். 'நான் ரோபோ அல்ல' என்ற பெட்டியை ஏன் வைத்தீர்கள் என்பது எங்களுக்கு விளங்கும். போலிப் பதிவுகள் உங்களுக்குத் தொல்லைதான். ஆனால் அந்தப் பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

பல படிவங்களில் அது தலைப்பிலேயே இருக்கிறது. வெருகலிலோ குச்சவெளியிலோ ஒருவர் முதலில் அது காட்டும் கட்டங்களில் கேட்ட பொருள் உள்ள படங்களைத் தொட்டு, பச்சைச் சரி அடையாளத்தைப் பெறுகிறார். ரீகெப்சா என்ற இந்தக் கூகுள் சோதனை கொடுக்கும் அந்த அனுமதியின் ஆயுள் 2 நிமிடம். அதுவும் ஒரு தடவைக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகுதான் அடையாள அட்டை இலக்கம், முகவரி, கிராம சேவகர் பிரிவு எல்லாம் போனில் தட்டி, பிறப்புச் சான்றிதழைப் படமெடுத்து ஏற்ற வேண்டும். 2 நிமிடத்தில் எவரால் முடியும்? அனுமதி காலாவதியாகிவிட்டது என்ற செய்தி மேலே சிவப்பில் கிடக்கும். கீழே 'சமர்ப்பி'யை அழுத்துபவர் கண்ணில் அது படாது. உங்கள் சேவையகம் பிழை என்று சொல்லி வெறும் படிவத்தைத் திருப்பி அனுப்பும். தட்டியதெல்லாம் போச்சு, காசு கட்டி ரீலோட் பண்ணிய டேட்டாவும் போச்சு. மறுபடி முதலிலிருந்து.

தொட்ட கட்டம் மங்கிப் புதுப் படம் வருகிற வகை இன்னும் மோசம். சிக்னல் குறைந்த இடத்தில் புதுப் படம் வரமுன் உறுதிப்படுத்தினால் பிழையாகிவிடும். ஒரே படத்தை 16 துண்டாக்கும் வகையிலோ, விளக்குக் கம்பத்தின் நுனி அடுத்த கட்டத்துக்குள் எட்டிப் பார்த்தால் அதுவும் சேர்த்தியா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. போதாததற்கு, ஐபி என்ற இணைய முகவரி ஒன்றையே பலருக்குப் பகிரும் மொபைல் வலையமைப்பில் எவனோ செய்த குழப்பத்துக்கு மற்றவர்களுக்கும் கூடுதல் சுற்று.

படங்களும் அமெரிக்கத் தெருக்கள். நாங்கள் பாதசாரிக் கடவையை மஞ்சள் கடவை என்று சொல்லிப் பழகியவர்கள். மான் நிற்கும் கட்டங்களைக் கேளுங்கள், எங்கள் ஊரில் மான்கள் திரியும் பிரட்றிக் கோட்டைப் பக்கம் போய்வருகிற எவரும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள்!

இத்தனை பாடும் எதற்கு? 2024இல் சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யோலோ என்ற படமறி மென்பொருளைப் பழக்கி, இதே படப் புதிர்களை நூற்றுக்கு நூறு தீர்த்துக் காட்டிவிட்டார்கள். ரோபோ உள்ளே போகிறது; பென்சன்காரர் வெளியே நிற்கிறார்.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்தருள்க. பணிவாகக் கேட்பது இதுதான்: படக் கட்டங்களை எடுத்துவிடுங்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுப் புலத்தை வைத்து, அதை நிரப்புகிற ரோபோக்களை ஒதுக்கலாம். ஒரே போன் இலக்கத்திலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு வரம்பு போடலாம். ஓடிபி அனுப்பும் தளங்களுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். எடுக்கவே முடியாதென்றால், பெட்டியைச் 'சமர்ப்பி'க்குப் பக்கத்தில் இறக்குங்கள். அறிவுறுத்தலைத் தமிழில் காட்ட மொழிக் குறியீட்டை மாற்றினால் போதும். அனுமதி காலாவதியானாலும் தட்டியவற்றை அழிக்காதீர்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை இணையப் பாவனையாளர்கள்