வளர்த்த அணிலை எங்கே விடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கூட்டிலிருந்து விழுந்த அணில் குட்டியை எடுத்து வளர்த்து, அது பெரிதானதும் ஒகேனக்கல் காட்டில் கொண்டுபோய் விட்டுவந்த ஒரு குடும்பத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் படித்தேன். அவர்களுடைய இரக்கத்தை மதிக்கிறேன். ஆயினும், மாங்காய் அறுவடை முடிந்து தோப்புகளில் கவாத்து செய்யும்போது கூடு கலைந்து விழும் குட்டிகள் நம் பகுதியில் பல வீடுகளுக்கு வந்துசேர்வதால், மற்றவர்களும் அதே வழியைப் பின்பற்றிவிடுவார்களோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

முதுகில் மூன்று வரி கொண்ட நம் அணிலுக்குத் தோப்பும் தோட்டமும் சாலையோரப் புளியமரமும் வீட்டுக் கூரையுமே இருப்பிடம். அடர்காடு அதற்கு அந்நிய இடம். காவிரிக்கரை மரங்களில் வாழும் சாம்பல் நிற அணில் வேறு இனம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள அதன் குட்டி யாருக்கேனும் கிடைத்தால், வளர்க்க முயலாமல் உடனே வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

நம் வீட்டு அணிலின் குட்டி கிடைத்தாலும், வளர்க்கத் தொடங்குமுன் தாயிடம் சேர்க்க முயல வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்பது தவறான நம்பிக்கை. குட்டியை வெதுவெதுப்பான துணியோடு சிறு கூடையில் வைத்து, எறும்பும் பூனையும் அணுகாதபடி அதே மரத்தில் கட்டிவிட்டு நாம் விலகி நின்றால், தாய் வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். அந்தி சாய்ந்தும் வராவிட்டால்தான் குட்டி நம் பொறுப்பு. பசும்பால் அதற்குக் கழிச்சலை உண்டாக்கும் என்பதால், எதைப் புகட்டலாம், எவ்வளவு புகட்டலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

கண் திறந்து, பல் முளைத்து, தானாகக் கொறிக்கத் தொடங்கிய பிறகு நாம் செய்வதும் செய்யாமல் விடுவதுமே அதன் பிற்கால வாழ்வைத் தீர்மானிக்கின்றன. தோளில் ஏற்றிக் கொஞ்சுவதையும், பெயர் சொல்லி அழைப்பதையும், குழந்தைகளிடம் விளையாடக் கொடுப்பதையும் அப்போதே நிறுத்திவிட வேண்டும். மனிதரைக் கண்டு அஞ்சாத அணில், வெளியே போனதும் நாயிடமோ பூனையிடமோ எளிதில் சிக்கிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட குட்டிகள் கிடைத்தால் பிரிக்காமல் சேர்த்தே வளர்க்க வேண்டும். நிலக்கடலையை மட்டுமே தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு நொய்ந்துபோகும் என்பதால், கொய்யா, இளந்தளிர், முருங்கைப்பூ, ஓடு நீக்காத விதைகள், பட்டையோடு கூடிய குச்சிகள் என வெளியே கிடைப்பவற்றையே பழக்க வேண்டும். பல் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடினமானவற்றைக் கொறித்தே ஆக வேண்டும்.

பால் மறந்தவுடன் திறந்துவிடுவதும் தவறுதான். வெயிலும் நிழலும் காற்றும் படும்படி, பாம்பு நுழைய முடியாத நெருக்கமான கம்பிவலைக் கூண்டொன்றை மரத்தடியில் உயரமாக அமைத்து, உள்ளே கிளைகளும் தேங்காய் நாரும் ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டியும் வைத்துச் சில வாரங்களாவது அங்கேயே இருக்கவிட வேண்டும். மற்ற அணில்களின் குரலையும், வல்லூறைக் கண்டு அவை எழுப்பும் எச்சரிக்கை ஒலியையும் அது கற்றுக்கொள்வது அங்கேதான். நாரைக் கிழித்துத் தானே கூடு கட்டி, ஆள் வரும் அரவம் கேட்டதும் பெட்டிக்குள் ஓடி ஒளியும்போது அது தயாராகிவிட்டது எனக் கொள்ளலாம். அதன் பிறகு, மழையில்லாத ஒரு காலைப்பொழுதில் கதவைத் திறந்துவைத்தால் போதும். நாமாகப் பிடித்து வெளியே விட வேண்டியதில்லை. சில நாட்கள் அது போவதும் வருவதுமாக இருக்கும் என்பதால், கூண்டையும் உணவையும் நீரையும் உடனே அகற்றிவிடாமல், அது வருவது தானாகக் குறையும்வரை வைத்திருக்க வேண்டும்.

எனவே, அடுத்த கவாத்துப் பருவம் தொடங்குமுன், கால்நடை மருத்துவர்களிடமும் வனத்துறையினரிடமும் கேட்டு, விழுந்த குட்டிகளைக் கையாளும் முறையைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பக்கங்களில் விரிவாக வெளியிட வேண்டுகிறேன். தோப்பு உரிமையாளர்களும் கவாத்து செய்யும் தொழிலாளர்களும் அதைப் படித்தால், கூடுள்ள கிளையைச் சில வாரங்கள் வெட்டாமல் விட்டுவைக்கவும் முன்வருவார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.